உணவுப் பாதையின் சுவரை உள்ளிருந்து வெளியே படிப்பது எப்படி: திசு அடுக்குகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரைப்பையில் புண் இருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார். பெருங்குடலில் இருந்து எடுத்த ஒரு சிறு கட்டியைப் பற்றிய அறிக்கை கைக்கு வருகிறது. இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அது சுவரின் எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது? விரிந்த நிலையில் சிறுகுடலின் சுவர் 3 மில்லிமீட்டர் தடிப்புக்கூட இருக்காது. அந்தச் சிறிய தடிப்புக்குள் நான்கு படலங்கள் இருக்கின்றன. நோயின் போக்கு பெரும்பாலும் அவற்றுக்கு இடையிலான எல்லைகளில்தான் முடிவாகிறது.

இந்தப் பாடத்தைத் தொடங்குபவர்கள் முதலில் நான்கு பெயர்களையும் மனப்பாடம் செய்கிறார்கள். பெயர்கள் தேவைதான். ஆனால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தால், இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஒரு பரப்புதான் தெரியும். நான் வற்புறுத்தும் வழி வேறு. ஒவ்வோர் அடுக்கிலும் நின்று, ‘இதற்கு இங்கே என்ன வேலை?’ என்று கேளுங்கள். வேலை தெரிந்துவிட்டால் தோற்றம் விளங்கும். வேலை மாறும் இடத்தில் தோற்றமும் மாறியிருக்கும் என்று நீங்களே எதிர்பார்க்கத் தொடங்குவீர்கள். மருத்துவம், செவிலியம், உயிரியல் படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். தம்முடைய திசுப் பரிசோதனை அறிக்கையைப் புரிந்துகொள்ள விரும்பும் எவருக்கும் கடைசிப் படி உதவும்.

படி 1: துளையைக் கண்டுபிடியுங்கள்

உணவுக்குழாயில் தொடங்கி ஆசனவாய்வரை உணவுப் பாதை ஒரு நீண்ட குழாய். வாயிலும் தொண்டையிலும் இந்த நான்கு அடுக்கு அமைப்பு முழுமையாக இல்லை. உணவுக்குழாயில்தான் அது தொடங்குகிறது. கண்ணாடித் தகட்டில் எந்தப் பகுதி கிடைத்தாலும் முதலில் அந்தக் குழாயின் உள்துளை எந்தப் பக்கம் என்று தேடுங்கள். அங்கிருந்து வெளிநோக்கி நகருங்கள். இந்த ஒழுங்கை ஒருபோதும் மாற்றாதீர்கள்.

துளைக்குள் இருக்கும் உணவு இன்னும் உடலுக்குள் வரவில்லை என்பதை நினைவில் வையுங்கள். விழுங்கிய கவளம் துளையில் இருக்கும்வரை வெளியுலகத்தின் ஒரு துண்டுதான். சுவரின் முதல் வரிசைச் செல்களைக் கடந்த பிறகே அது உடலின் பகுதியாகிறது. ஆகவே துளையை ஒட்டிய படலத்தை ஒரு நாட்டின் எல்லைக் காவலாக எண்ணிப் பாருங்கள். வேண்டியதை உள்ளே விட வேண்டும். வேண்டாததைத் தடுக்க வேண்டும். இந்த இரண்டு வேலைகளும் ஒன்றோடொன்று முரண்படுபவை. உணவுப் பாதையின் அழகான ஏற்பாடுகள் பலவும் இந்த முரண்பாட்டிலிருந்து பிறந்தவை.

தொடக்கத்தில் மிகக் குறைந்த உருப்பெருக்கத்தையே பயன்படுத்துங்கள். வழக்கமான சாயமிடலில் ஹிமடாக்சிலின் செல்லின் உட்கருவை நீல ஊதாவாக்கும். ஈயோசின் சைட்டோபிளாசத்தையும் நார்களையும் இளஞ்சிவப்பாக்கும். இதை அறிந்து பார்த்தால் நான்கு பட்டைகள் புலப்படும். துளையை ஒட்டி உட்கருக்கள் நெருங்கிய ஊதாப் பட்டை. அடுத்து வெளிறிய, தளர்வான பட்டை. அதை அடுத்து அடர்ந்த சிவப்பில் தடித்த பட்டை. கடைசியில் மெல்லிய ஓரம். இவை முறையே கோழைப்படலம், கோழையடிப் படலம், தசைப் படலம், வெளியுறை. மருத்துவமனை அறிக்கைகளில் இவற்றை மியூகோசா, சப்மியூகோசா, மஸ்குலாரிஸ் ப்ராப்ரியா, செரோசா என்று குறிப்பிடுவார்கள். இந்த நான்கையும் குறைந்த உருப்பெருக்கத்தில் பிரித்துக் காணாமல் செல்களைத் தேடி உள்ளே போகாதீர்கள். திசைகாட்டி இல்லாமல் காட்டுக்குள் நுழைவதற்கு அது சமம்.

படி 2: கோழைப்படலத்தை மூன்றாகப் பிரியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மற்ற மூன்று படலங்களும் உணவுப் பாதை நெடுகிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கின்றன. இடத்துக்கு இடம் உருமாறுவது கோழைப்படலம். அதனுள் மூன்று உட்பகுதிகள் உள்ளன.

முதலாவது எபிதீலியம். துளையைத் தொடும் செல் வரிசை இதுதான். உராய்வு மிகுந்த உணவுக்குழாயிலும் ஆசனவாயின் கீழ்ப்பகுதியிலும் இது பல அடுக்குத் தட்டைச் செல்களால் ஆனது. மேலடுக்கு தேய்ந்து உதிர்ந்தாலும் கீழிருந்து புதிய செல்கள் எழும்பி வரும். சுரப்பும் உறிஞ்சலும் நடக்கும் இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் ஆகியவற்றில் இது ஒற்றை வரிசைத் தூண் செல்களால் ஆனது. ஒரே ஒரு செல் தடிப்பு! ஊட்டச்சத்து கடந்து செல்ல வேண்டுமானால் சுவர் மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய சுவரோ விரைவில் சேதமடையும். இதற்கு உடல் கண்ட வழி, செல்களை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருப்பது. சிறுகுடலின் உறிஞ்சும் செல் ஒன்று 3 முதல் 5 நாட்கள்தான் வாழ்கிறது. இந்தக் கட்டுரையை நீங்கள் வாசிக்கும் நேரத்தில் உங்கள் குடலில் இருக்கும் உறிஞ்சும் செல்களில் பெரும்பாலானவை அடுத்த வாரம் இருக்காது.

அந்தப் புதுப்பித்தலின் ஊற்று சுவரில் புதைந்திருக்கும் குழிகளின் அடியில் இருக்கிறது. இவை லீபர்குன் குழிகள். 1745இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய உடற்கூற்றியலாளரின் பெயரால் வழங்குகின்றன. குழியின் அடியில் தண்டு செல்கள் இருக்கின்றன. அவை பிரிந்து உருவாகும் புதிய செல்கள் படிப்படியாக மேலேறி, துளைக்குள் விரல்போல் நீட்டியிருக்கும் குடலுறிஞ்சியின் நுனியை அடைந்து துளைக்குள் உதிர்கின்றன. எந்தச் செல்தான் அந்தத் தண்டு செல் என்ற கேள்வி நெடுங்காலம் விவாதத்தில் இருந்தது. 2007இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வுக்குழு, எல்ஜிஆர்5 என்ற புரதத்தை அடையாளமாகக் கொண்டு அவற்றைச் சுட்டிக்காட்டியது.

இரண்டாவது உட்பகுதி லாமினா ப்ராப்ரியா. எபிதீலியத்துக்குக் கீழே இருக்கும் தளர்வான இணைப்புத் திசு. நுண்ணிய இரத்தக்குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் இங்கு வந்துதான் ஊட்டச்சத்தை ஏற்றுக்கொள்கின்றன. கூடவே நிணநீர்ச் செல்கள், பிளாஸ்மா செல்கள், விழுங்கு செல்கள் எல்லாம் இங்கே குவிந்திருக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் இத்தனை வெள்ளணுக்களைக் கண்டு ‘அழற்சி’ என்று முடிவு கட்டுவது இயல்பாக நேரும் பிழை. வேறோர் உறுப்பில் இத்தனை செல்கள் இருந்தால் அந்த முடிவு சரியாகவே இருக்கும். குடலிலோ, இரைப்பையைத் தாண்டிய பகுதிகளில், இதுதான் அன்றாட நிலை. உடலின் பிளாஸ்மா செல்களில் பெரும்பங்கு குடலில்தான் வாழ்கின்றன; ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளை உருவாக்கித் துளைக்குள் அனுப்புகின்றன. எல்லைக்குச் சற்று உள்ளே நிறுத்தியிருக்கும் படை இது.

மூன்றாவது, மஸ்குலாரிஸ் மியூகோசே என்ற மெல்லிய தசைக் கீற்று. கோழைப்படலத்தின் கீழ் எல்லை இதுவே. பார்வைக்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் நோய்களின் அளவுகோலாக இதைவிட முக்கியமான கோடு இந்தச் சுவரில் வேறு இல்லை என்பேன். இதன் சிறு அசைவுகள் மடிப்புகளைக் கிளறிவிட்டு, சுரப்பிகளைக் காலியாக்க உதவுகின்றன. எந்தத் தகட்டிலும் இதைக் கண்டுபிடித்த பிறகே அடுத்த படலத்துக்குப் போங்கள். நான்கு பெரும் படலங்களில் ஒன்றான தடித்த தசைப் படலத்தோடு இதைக் குழப்பிக்கொள்வதுதான் தேர்வுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டுக்கும் நடுவே வெளிறிய கோழையடிப் படலம் இருப்பதைப் பார்த்துவிட்டால் குழப்பம் வராது.

படி 3: கோழையடிப் படலத்தின் வலிமையை உணருங்கள்

நுண்ணோக்கியில் இது ஆளில்லாத வீடு போலத் தோன்றும்: கொலாஜன் நார்கள், சில பெரிய இரத்தக்குழாய்கள், ஆங்காங்கே நரம்புச் செல் கூட்டங்கள். அதனால் பலரும் இதை விரைந்து கடந்துவிடுகிறார்கள். அறுவை மருத்துவர்கள் அப்படிக் கடப்பதில்லை. குடலை வெட்டி மீண்டும் இணைக்கும்போது தையல் எங்கே பிடிக்கிறது என்ற கேள்விக்கு, 1887இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் சோதனைகள் மூலம் விடை கண்டார்: சுவரின் இழுவலிமை கோழையடிப் படலத்தில்தான் இருக்கிறது, தையல் ஊசி அதைப் பிடிக்காவிட்டால் இணைப்பு நிற்காது. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கொலாஜன் நார்களே அதற்குக் காரணம். அறுவை சிகிச்சையில் நெடுங்காலம் பயன்பட்ட கேட்கட் என்ற தையல் நூல், ஆட்டுக் குடலின் இதே படலத்திலிருந்து செய்யப்பட்டது என்பது பொருத்தமான செய்தி.

இந்தப் படலத்தின் நரம்பு வலையை 1857இல் கியார்க் மைஸ்னர் விவரித்தார். சுரப்புகளையும், அந்தந்த இடத்தின் இரத்த ஓட்டத்தையும் இது நெறிப்படுத்துகிறது.

தகட்டை அடையாளம் காண ஒரு பயனுள்ள குறிப்பு: கோழையடிப் படலத்துக்குள் சுரப்பிகள் இருந்தால், நீங்கள் இரண்டே இடங்களில் ஒன்றில் இருக்கிறீர்கள். ஒன்று உணவுக்குழாய், மற்றது முன்சிறுகுடல். முன்சிறுகுடலில் இருப்பவை புரூனர் சுரப்பிகள். இரைப்பையிலிருந்து இறங்கும் அமிலத்தைத் தணிக்கும் காரச் சுரப்பை இவை தருகின்றன. அமிலம் வந்து விழும் வாசலிலேயே அதைத் தணிக்கும் சுரப்பிகள் அமைந்திருப்பதைக் கவனியுங்கள். ‘இங்கே என்ன வேலை?’ என்ற கேள்வி பலன் தருவது இப்படித்தான்.

படி 4: தசைப் படலத்தின் திசைகளைப் படியுங்கள்

இதில் இரண்டு அடுக்குகள். உள்ளே வட்டத் தசை, வெளியே நீள்தசை. வட்டத் தசை சுருங்கினால் துளை குறுகும்; நீள்தசை சுருங்கினால் அந்தத் துண்டு குட்டையாகும். இரண்டும் முறைவைத்து இயங்குவதே உணவை முன்னோக்கித் தள்ளும் குடலலை.

தகட்டில் எது எந்தத் தசை என்று பார்க்க, குழாய் எப்படி வெட்டப்பட்டது என்பதை முதலில் தீர்மானியுங்கள். குறுக்காக வெட்டியிருந்தால், உள்ளே இருக்கும் வட்டத் தசையின் செல்கள் நீண்ட கதிர் வடிவில் கிடக்கும். வெளியே இருக்கும் நீள்தசையின் செல்கள் சிறு வட்டப் புள்ளிகளாகத் தெரியும். நீளவாக்கில் வெட்டியிருந்தால் தோற்றம் அப்படியே மாறிவிடும். ஒரு கயிற்றுக் கட்டைக் குறுக்கே வெட்டினால் வட்டங்களும், நெடுக வெட்டினால் கோடுகளும் தெரிவதைப் போலத்தான். கற்பனையில் குழாயை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டால் இது ஆயுளுக்கும் மறக்காது.

இரு தசை அடுக்குகளுக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளியில், வெளிறிய பெரிய உட்கருக்களைக் கொண்ட செல் கூட்டங்களைத் தேடுங்கள். இது லியோபோல்ட் ஆவர்பாக் 1860களில் விவரித்த நரம்பு வலை. ஆவர்பாக், மைஸ்னர் வலைகள் இரண்டும் சேர்ந்ததே குடலின் சொந்த நரம்பு மண்டலம். இதில் உள்ள நரம்புச் செல்கள் 20 கோடி முதல் 60 கோடிவரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மூளையின் கட்டளை இல்லாமலேயே இது குடலை இயக்க வல்லது. 1899இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு ஆங்கில உடலியலாளர்கள், வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்த பிறகும் குடல் தன் வேலையைச் செய்வதைக் காட்டினார்கள். உணவு விரிக்கும் இடத்துக்குப் பின்னால் தசை சுருங்குகிறது, முன்னால் தளர்கிறது. கவளம் தானே முன்னேறுகிறது.

தசைக்கு இடையில் இன்னொரு வகைச் செல்லும் உண்டு: ஸ்பானிய அறிவியலாளர் சாண்டியாகோ ரமோன் இ காஹலின் பெயரைத் தாங்கிய காஹல் செல்கள். வழக்கமான சாயத்தில் இவற்றைப் பிரித்தறிய முடியாது. ஆனால் குடலின் தாளத்தைப் போடுபவை இவைதான். இரைப்பையில் நிமிடத்துக்கு சுமார் 3, முன்சிறுகுடலில் சுமார் 12, பின்சிறுகுடலின் முடிவில் 8 அல்லது 9 என்ற வீதத்தில் மின்னலைகளை எழுப்புகின்றன. இரைப்பையிலும் சிறுகுடலிலும் தசைப் படலத்தில் எழும் ஜிஸ்ட் என்ற கட்டிகள் இந்தச் செல்களோடு உறவுடையவை என்பது 1998க்குப் பிறகு தெளிவானது. எந்த அடுக்கில் ஒரு கட்டி பிறந்தது என்று அறிவது அதற்கான மருந்தையே தீர்மானிக்கும் என்பதற்கு ஜிஸ்ட் நல்ல சான்று. புற்று என்றால் உடனே எபிதீலியத்தை மட்டும் நினைக்கும் பழக்கத்தை அது உடைத்தது.

கருவளர்ச்சியைப் பற்றி இங்கே ஒரு செய்தி. சுவரின் எபிதீலியமும் சுரப்பிகளும் கருவின் உள்ளடுக்கிலிருந்து வருகின்றன. தசையும் இணைப்புத் திசுவும் நடுவடுக்கிலிருந்து வருகின்றன. நரம்புச் செல்களோ இரண்டிலிருந்தும் வருவதில்லை. நரம்பு முகடு என்ற இடத்திலிருந்து புறப்பட்டு, குடலின் மேல்முனையில் நுழைந்து, கீழ்நோக்கி நெடும்பயணம் செய்து குடியேறுகின்றன. அந்தப் பயணம் வழியில் நின்றுவிட்டால், பெருங்குடலின் கடைசிப் பகுதி நரம்புச் செல் இல்லாமலேயே அமையும். பிறந்த குழந்தை மலம் கழிக்க இயலாமல் தவிக்கும் ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் இதுதான். பாதிப்பு எப்போதும் கீழ்முனையில் தொடங்கி மேல்நோக்கி நீள்வதன் காரணம் இப்போது உங்களுக்குப் புரியும். மலக்குடலிலிருந்து எடுத்த சிறு துணுக்கில், கோழையடிப் படலம் போதிய அளவு இருந்தும் மைஸ்னர் வலையின் நரம்புச் செல் ஒன்றுகூட இல்லையென்றால் நோய் உறுதியாகிறது. நோய் முழுச் சுவரிலும் இருந்தாலும், அதை அறிய இரண்டாம் படலம்வரை போனாலே போதும்.

படி 5: வெளியுறை வழுக்குகிறதா, ஒட்டுகிறதா என்று பாருங்கள்

வயிற்றறைக்குள் தொங்கும் பகுதிகளின் வெளிப்புறம் செரோசாவால் மூடப்பட்டிருக்கும்: சிறிதளவு இணைப்புத் திசு, அதன்மேல் ஒற்றை வரிசைத் தட்டைச் செல்கள். இது கசியவிடும் நீர்மத்தால் குடல் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று உராயாமல் வழுக்கிச் செல்கின்றன. உடற்சுவரோடு பிணைந்த பகுதிகளில் வழுக்க வேண்டிய தேவை இல்லை. அங்கே வெளி ஓரம் சுற்றியுள்ள இணைப்புத் திசுவோடு கலந்துவிடும். அதற்கு அட்வென்டிஷியா என்று பெயர். மார்பறை உணவுக்குழாய் முழுவதும் அட்வென்டிஷியாதான். பெருங்குடலின் ஏறும், இறங்கும் பகுதிகளில் முன்புறம் செரோசா, பின்புறம் அட்வென்டிஷியா.

உணவுக்குழாய்க்குச் செரோசா இல்லாததன் விளைவு பெரிது. அங்கே தோன்றும் புற்று அக்கம்பக்கத்துக்குப் பரவத் தடை குறைவு. அறுவை சிகிச்சையின் தையல் கசியும் வாய்ப்பும் கூடுகிறது.

குடல்வால் அழற்சியின் வலி இடம் மாறுவதும் இந்தப் படலத்தால்தான். தொடக்கத்தில் அழற்சி சுவருக்குள்ளேயே இருக்கிறது. உள்ளுறுப்பு நரம்புகள் இடத்தைத் துல்லியமாகச் சொல்லாததால் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கிறது. அழற்சி செரோசாவைக் கடந்து வயிற்றறையின் உட்புறச் சவ்வைத் தொட்டதும், அச்சவ்வின் கூர்மையான நரம்புகள் வலது கீழ்வயிற்றைச் சுட்டிக்காட்டுகின்றன.

படி 6: மேலிருந்து கீழே ஒரு முறை நடந்து வாருங்கள்

இனி, பெயரில்லாத ஒரு தகடு கையில் கிடைத்தால் அது எந்த உறுப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். துளையைத் தொடும் செல் எது, பரப்பு மேலே எழுகிறதா கீழே குழிகிறதா, கோழையடிப் படலத்தில் சுரப்பி உண்டா, தசை எத்தனை அடுக்கு. இந்த வரிசையிலேயே கேளுங்கள்.

பல அடுக்குத் தட்டை எபிதீலியம் தெரிந்தால் பெரும்பாலும் உணவுக்குழாய். சுமார் 25 செ.மீ. நீளமுள்ள இதன் தசைப் படலத்தைப் பாருங்கள். மேல் மூன்றில் ஒரு பங்கில் வரித்தசை, நடுவில் வரித்தசையும் மென்தசையும் கலந்தது, கீழே மென்தசை மட்டும். விழுங்குவதை நாம் விரும்பித் தொடங்குகிறோம்; பிறகு அது நம் கட்டுப்பாட்டை மீறிச் சென்றுவிடுகிறது. அந்தக் கைமாற்றம் தசையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

உணவுக்குழாய் முடிந்து இரைப்பை தொடங்கும் இடத்தில் தட்டைச் செல் திடீரெனத் தூண் செல்லாக மாறும். இரைப்பையின் அமிலம் ஆண்டுக்கணக்கில் மேலேறி வந்தால், உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி தன் தட்டைச் செல்களை விட்டுவிட்டுத் தூண் செல்களை ஏற்றுக்கொள்வதுண்டு. 1950இல் இதைப் பற்றி எழுதிய அறுவை மருத்துவர் நார்மன் பாரெட்டின் பெயரால் இந்நிலை அழைக்கப்படுகிறது. இது புற்றாக மாறும் வாய்ப்பு சிறிதளவே என்றாலும் கண்காணிப்பு தேவை.

இரைப்பையில் பரப்பு குழிந்து இறங்கும். அந்தக் குழிகளின் அடியில் நீண்ட சுரப்பிகள் திறக்கும். அவற்றில் இளஞ்சிவப்பாகத் தெரியும் பெரிய செல்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கும் பரைட்டல் செல்கள். ஊதாச் சாயல் கொண்டவை பெப்சினோஜனைத் தரும் முதன்மைச் செல்கள். துளையில் அமில அளவு பி.எச். 1 முதல் 2வரை இருக்கும். ஆனால் மேற்பரப்புச் செல்கள் உருவாக்கும் கோழையும் பைகார்பனேட்டும் செல்லை ஒட்டிய இடத்தை ஏறத்தாழ நடுநிலையில் வைத்திருக்கின்றன. பரைட்டல் செல்களுக்கு இன்னொரு கடமை உண்டு: வைட்டமின் பி12 உறிஞ்சப்படத் தேவையான உள்ளார்ந்த காரணி என்ற புரதத்தையும் அவையே தருகின்றன. உறிஞ்சல் நடப்பதோ பல மீட்டர் தள்ளி, பின்சிறுகுடலின் கடைசிப் பகுதியில். ஓரிடத்தின் கோழைப்படலம் நலிந்தால் வேறோர் இடத்தின் வேலை நின்றுபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இரைப்பையின் தசைப் படலத்தில் உட்புறமாக ஒரு சாய்தசை அடுக்கும் சேர்ந்து மூன்றாகும். பிசைந்து அரைக்கும் வேலைக்கு இரண்டு திசைகள் போதாது.

பரப்பு விரல்களாக மேலெழுந்தால் சிறுகுடல். இங்கே மூன்று நிலைகளில் பரப்பு பெருகுகிறது. கோழையடிப் படலத்தையும் சேர்த்துக்கொண்டு எழும் பெரிய வட்ட மடிப்புகள் ஒன்று. கோழைப்படலம் மட்டும் எழும் குடலுறிஞ்சிகள் இரண்டு, இவை 0.5 முதல் 1 மி.மீ. உயரம். ஒவ்வொரு செல்லின் தலையிலும் நெருங்கி நிற்கும், சுமார் 1 மைக்ரோமீட்டர் உயரமுள்ள நுண்ணுறிஞ்சிகள் மூன்று. குடலின் உட்பரப்பு டென்னிஸ் ஆடுகளம் அளவுக்கு விரியும் என்று பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தன. 2014இல் ஹெலாண்டர், ஃபேன்ட்ரிக்ஸ் என்ற ஸ்வீடிஷ் ஆய்வாளர்கள் மறுபடி அளந்து, உணவுப் பாதையின் மொத்த உட்பரப்பு சுமார் 32 சதுர மீட்டர் என்று கணக்கிட்டார்கள். அது பூப்பந்து ஆடுகளத்தில் பாதியை ஒட்டிய அளவு. பழைய எண்ணை இன்றும் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள், நீங்கள் எழுதாதீர்கள்.

சிறுகுடலுக்குள் எந்தப் பகுதி என்று பிரிப்பது எளிது. கோழையடிப் படலத்தில் புரூனர் சுரப்பிகள் இருந்தால் முன்சிறுகுடல். நிணநீர்த் திசுவின் பெரிய முடிச்சுகள், அதாவது பேயர் திட்டுகள், கூட்டமாக இருந்தால் பின்சிறுகுடல். இரண்டும் இல்லாமல் உயரமான மடிப்புகளும் உறிஞ்சிகளும் இருந்தால் நடுச்சிறுகுடல். குழிகளின் அடியில் பளிச்சென்ற சிவப்புத் துகள்களோடு நிற்பவை பானெத் செல்கள். பாக்டீரியாக்களைக் கொல்லும் பொருள்களைச் சுரந்து, பக்கத்தில் இருக்கும் தண்டு செல்களைக் காக்கின்றன.

விரல்கள் மறைந்து, நேரான குழிகள் மட்டும் சோதனைக் குழாய்களை அடுக்கியதுபோல வரிசையாக நின்றால் பெருங்குடல். வெள்ளையாக உப்பித் தெரியும் கோப்பைச் செல்கள் இங்கே மிகுதி. நீர் உறிஞ்சப்பட்டு மலம் கெட்டியாகும் இடத்தில் வழுக்கும் கோழை அதிகம் வேண்டும். அந்தக் கோழைக்கு இன்னொரு பயனும் உண்டு. எண்ணிலடங்காத பாக்டீரியாக்கள் வாழும் இந்த இடத்தில், செல்லை ஒட்டிய கோழை அடுக்கு அடர்த்தியாக இருந்து அவற்றைத் தொலைவில் நிறுத்துகிறது. நீள்தசை இங்கே முழுச் சுற்றாக இல்லாமல் மூன்று நாடாக்களாகத் திரண்டிருக்கும். தகட்டில் ஓரிடத்தில் நீள்தசை தடித்தும் வேறிடத்தில் மிக மெலிந்தும் தெரிந்தால் குழம்பாதீர்கள். நாடாவை வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். குடல்வாலில் இந்த நாடாக்கள் ஒன்றுகூடி மீண்டும் முழு அடுக்காகின்றன. நிணநீர் முடிச்சுகளும் துளையைச் சுற்றி நிறைந்திருக்கும். மலக்குடல் முடிந்து ஆசனவாயின் பாதியில், தூண் செல்கள் மறுபடி பல அடுக்குத் தட்டைச் செல்களுக்கு இடம் கொடுக்கின்றன. அங்கே வட்டத் தசை தடித்து உள்சுருக்குத் தசையாகிறது.

ஒரு எச்சரிக்கை: பித்தப்பையின் தகடு மடிப்புகள் நிறைந்து சிறுகுடலைப் போல ஏமாற்றும். அதில் மஸ்குலாரிஸ் மியூகோசேயும் இல்லை, கோழையடிப் படலமும் இல்லை. அந்த இரண்டையும் தேடிக் கிடைக்காவிட்டால் நீங்கள் உணவுப் பாதைக் குழாயிலேயே இல்லை.

படி 7: நோயை ஆழத்தால் அளவிடுங்கள்

இரைப்பையின் மேற்பரப்பில் ஏற்படும் சேதம் மஸ்குலாரிஸ் மியூகோசேயைத் தாண்டாமல் நின்றால் அது அரிப்பு மட்டுமே. குழிகளில் மிஞ்சிய செல்கள் சில நாட்களில் மூடிவிடும். அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் அதற்குப் புண் என்று பெயர். ஆறினாலும் தழும்பு மிஞ்சக்கூடும். கோழையடிப் படலத்தின் பெரிய இரத்தக்குழாய்களை அது அரித்தால் இரத்தப்போக்கு. நான்கு படலங்களையும் துளைத்தால் வயிற்றறைக்குள் கசிவு. பலருக்குப் புண்ணின் மூலகாரணம் கோழைக்குள் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. 1982இல் அதை வளர்த்துக் காட்டிய பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

குடலின் இரு அழற்சி நோய்களையும் ஆழமே பிரிக்கிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பொதுவாகக் கோழைப்படலத்தோடும் அதற்குச் சற்றுக் கீழேயும் நிற்கிறது. கிரோன் நோய் முழுச் சுவரையும் ஊடுருவுகிறது. ஆகவேதான் கிரோன் நோயில் குடல் குறுகுவதும், அடுத்த உறுப்புக்குப் புதுவழி திறப்பதும் நேர்கின்றன. கோதுமை போன்ற தானியங்களின் புரதத்தால் தூண்டப்படும் சீலியாக் நோய் எபிதீலியத்தையும் லாமினா ப்ராப்ரியாவையும் தாக்கி, குடலுறிஞ்சிகளை மழுங்கச் செய்து குழிகளை நீளச் செய்கிறது. தசைப் படலம் தொடப்படாமல் இருந்தும் உடல் சத்தின்றி வாடுகிறது.

புற்றின் நிலையைக் குறிக்கும் ‘டி’ என்ற எண் இந்தப் படலங்களின் கணக்கேதான். பெருங்குடலில் கோழையடிப் படலம்வரை இறங்கியது டி1. தசைப் படலத்தை எட்டியது டி2. அதைக் கடந்து வெளித் திசுவுக்குப் போனது டி3. செரோசாவைத் துளைத்தது அல்லது பக்கத்து உறுப்பில் நுழைந்தது டி4. கோழைப்படலத்துக்குள்ளேயே நிற்கும் பெருங்குடல் புற்றை இந்தக் கணக்கில் பரவும் புற்றாகவே எண்ணுவதில்லை. அங்கே லாமினா ப்ராப்ரியாவில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. பரவ வழி அநேகமாக இல்லை. இரைப்பையில் நிலைமை வேறு. அங்கே லாமினா ப்ராப்ரியாவுக்குள் நுழைந்தாலே டி1 என்று எண்ணுகிறார்கள்.

அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். அகநோக்கிக் கருவியின் (எண்டோஸ்கோப்) சிறு இடுக்கி கிள்ளி எடுப்பது பொதுவாகக் கோழைப்படலத்தை மட்டும். கோழையடிப் படலம் சிறிதளவு சேர்ந்து வந்தால் உண்டு. அந்தத் துணுக்கைப் பார்த்து ‘புற்று இருக்கிறது’ என்று சொல்ல முடியும். ‘எவ்வளவு ஆழம்’ என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. ஆழம் அறிய ஊடுகதிர் அடுக்குப் படமோ (சி.டி. ஸ்கேன்), அகநோக்கி வழியே செய்யும் ஒலியலைப் பரிசோதனையோ தேவைப்படும். ஒலியலைப் படத்தில் சுவர் வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என ஐந்து பட்டைகளாகத் தெரியும். முதல் இரண்டும் கோழைப்படலம், நடுவில் உள்ள வெள்ளை கோழையடிப் படலம், அடுத்த கறுப்பு தசைப் படலம், கடைசி வெள்ளை வெளியுறை. கட்டியின் நிழல் நடு வெள்ளைப் பட்டையை உடைக்காமல் நின்றால், வயிற்றைத் திறக்காமல் அகநோக்கி வழியாகவே அதை அகற்ற முடியுமா என்று மருத்துவர்கள் ஆலோசிப்பார்கள். அப்படி அகற்றிய துண்டின் அறிக்கையில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: கட்டி எந்தப் படலம்வரை இறங்கியிருக்கிறது; வெட்டின் ஆழ ஓரத்தில் புற்றுச் செல்கள் மிச்சம் உண்டா, இல்லையா. அவை அறிக்கையில் இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.